உம்மாவின் மூட்டும் காக்காவின் மூட்டும்

சென்ற மாதம் ஒரு மாலை, எங்கள் மூத்த காக்கா எக்ஸ்ரே உறையைக் கையில் ஏந்தியபடி வீட்டுக்கு வந்தார்கள். வயது 53. வளைகுடாவில் இருபத்தைந்து ஆண்டுகள் நின்றுகொண்டே வேலை பார்த்த உடல், பெருத்த உடலும்கூட. வலது முழங்காலின் உட்புறத்தில் குருத்தெலும்பு முற்றாகத் தேய்ந்து, தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருப்பதைப் படம் காட்டியது. மூட்டை மாற்றுவதே வழி என்றும், இந்த வயதுக்குச் 'சிமெண்ட் இல்லாத' மூட்டைப் பொருத்தலாம் என்றும் மருத்துவர் சொல்லியிருந்தார். காக்கா இதையெல்லாம் விளக்கி முடிக்கும்வரை உம்மா பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு என்னைப் பார்த்து, "எனக்கு வெச்சது சிமெண்டு போட்டதுதானே வாப்பா? அப்ப எனக்கு மட்டமானதத்தான் வெச்சியளா?" என்று கேட்டார்கள்.

உம்மாவுக்கு இப்போது 71 வயது. எட்டாண்டுகளுக்கு முன்பு இடது முழங்காலை மாற்றினோம். அன்று சிமெண்ட் பற்றி யாரும் எங்களிடம் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கையொப்பமிட்டோம், துஆச் செய்தோம், வெளியே காத்திருந்தோம். ஆகவே உம்மாவின் கேள்விக்கு அந்த நேரத்தில் என்னிடம் விடை இல்லை. அதன் பிறகு படித்தும், மருத்துவத் துறையில் உள்ள உறவினர்களிடம் கேட்டும் அறிந்துகொண்டவற்றை இங்கு எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். ஆனால் இந்தக் கேள்வி இன்று நம் வீடுகள் பலவற்றில் எழுந்துகொண்டிருக்கிறது என்பதையும், 'புதியது, சிமெண்ட் இல்லாதது, ஆயுள் முழுவதும் நிற்கும்' என்ற மூன்று சொற்றொடர்களை நம்பிக் கடன் வாங்கும் குடும்பங்கள் இருக்கின்றன என்பதையும் அறிவேன்.

முதலில் அந்தச் சிமெண்ட் எது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். அது வீடு கட்டும் சிமெண்ட் அன்று. பாலிமீதைல்மெத்தக்ரிலேட் என்னும் ஒருவகைப் பிளாஸ்டிக். பொடியையும் திரவத்தையும் அறுவை அரங்கிலேயே கலந்து, மாவுப் பதத்தில் எலும்பின் மீதும் உலோகத்தின் மீதும் தடவிப் பொருத்துகிறார்கள். கால் மணி நேரத்துக்குள் வெப்பத்தை வெளியிட்டு இறுகிவிடும். அது பசை போல ஒட்டுவதில்லை. எலும்பின் கடற்பஞ்சு போன்ற துளைகளுக்குள் புகுந்து இறுகி, கற்களுக்கிடையே நிரப்பிய சாந்து போலப் பிடித்துக்கொள்கிறது. இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் சர் ஜான் சார்ன்லி இடுப்பு மூட்டுக்கு இதைப் பயன்படுத்திப் பெரும் வெற்றி கண்டார். அந்த வழியிலேயே 1960களின் இறுதியிலும் 1970களிலும் முழங்கால் மூட்டுகள் வந்தன. நியூயார்க்கில் ஜான் இன்சாலும் அவருடைய தோழர்களும் 1970களின் நடுவில் உருவாக்கிய மூட்டின் அமைப்பே, பல மாற்றங்களோடு, இன்றைய மூட்டுகளுக்கு மூதாதை எனலாம்.

சிமெண்ட் இல்லாத மூட்டின் தத்துவம் வேறு. உலோகத்தின் எலும்பைத் தொடும் பரப்பு சொரசொரப்பாகவும் நுண்துளைகளோடும் இருக்கும். அதை எலும்பின் மீது இறுக்கமாக அடித்துப் பொருத்துவார்கள். அடுத்து வரும் வாரங்களிலும் மாதங்களிலும் நோயாளியின் சொந்த எலும்பே அந்தத் துளைகளுக்குள் வளர்ந்து உலோகத்தைப் பற்றிக்கொள்ளும். இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. துளைகள் ஏறத்தாழ 100 முதல் 400 மைக்ரான் அளவில் இருக்க வேண்டும். அதைவிட முக்கியமானது, தொடக்க காலத்தில் உலோகம் எலும்பின் மீது அசையக் கூடாது. அசைவு 150 மைக்ரானைத் தாண்டினால் எலும்புக்குப் பதிலாக நார்த்திசு வளர்ந்துவிடும். நார்த்திசு பிடித்த மூட்டு நாளடைவில் தளரும். ஆக, சிமெண்ட் இல்லாத முறை எலும்பின் உயிர்ச்சக்தியை நம்பி நிற்பது. எலும்பு வளமாக இருப்பவருக்கு அது வரம். எலும்பு நலிந்தவருக்கு அதே காரணத்தால் அது ஒரு துணிகரம்.

இது புதிய கண்டுபிடிப்பும் அன்று. நுண்துளைப் பரப்புள்ள முழங்கால் மூட்டுகள் 1980ஆம் ஆண்டையொட்டியே புழக்கத்துக்கு வந்துவிட்டன. சிமெண்ட் காலப்போக்கில் நொறுங்கும், இளைய வயதினருக்குத் தாங்காது என்ற அச்சம் அன்று நிலவியதால் பலரும் ஆர்வத்தோடு அவற்றை ஏற்றார்கள். ஆனால் அந்த முதல் தலைமுறையின் கதை சோகமாகவே முடிந்தது. உலோகத்தைப் பின்புறம் பொருத்திய முழங்கால் சில்லுகள் தேய்ந்து உலோகத்தோடு உலோகம் உரசின. கீழ்த்தட்டைப் பிடிக்கத் திருகாணி போட்ட துளைகளின் வழியே பாலிஎதிலின் துகள்கள் இறங்கி எலும்பை அரித்தன. அன்றைய பாலிஎதிலினும் மெலிதாகவும் தரம் குறைந்தும் இருந்தது. காற்றில் வைத்துக் காமாக் கதிரால் தூய்மிப்பு செய்ததால் அது ஆக்சிஜனேற்றமடைந்து விரைவில் நொய்ந்துபோனது. 1990களில் உலகின் பெரும்பாலான மருத்துவர்கள் சிமெண்டுக்கே திரும்பினார்கள். சிமெண்ட் மீது சுமத்தப்பட்ட எலும்பரிப்புக் குற்றத்தில் பெரும்பகுதி உண்மையில் பாலிஎதிலின் துகள்களுடையது என்பதும் பிறகுதான் தெளிவாயிற்று.

இன்று நம்மிடம் சொல்லப்படும் சிமெண்ட் இல்லாத மூட்டு இரண்டாவது வருகை. எலும்பின் உட்புறத்தைப் போன்ற துளையமைப்புடைய டான்டலம் உலோகம், முப்பரிமாண அச்சு முறையில் அடுக்கடுக்காக உருவாக்கப்பட்ட டைட்டானியத் தளம், எலும்பின் கனிமமான ஹைட்ராக்சிஅபடைட் பூச்சு, தேய்மானம் குறைந்த புதிய பாலிஎதிலின் எல்லாம் சேர்ந்து பழைய குறைகளில் பலவற்றைப் போக்கியுள்ளன. அமெரிக்காவில் இதன் பங்கு அண்மை ஆண்டுகளில் வேகமாக உயர்ந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் நெடுங்காலமாகவே கணிசமான பயன்பாடு உண்டு. தொடை எலும்புப் பகுதிக்குச் சிமெண்ட் இல்லாமலும் கீழ்க்கால் எலும்புப் பகுதிக்குச் சிமெண்ட் இட்டும் செய்யும் கலப்பு முறையும் அங்கே பழக்கம். இங்கிலாந்தில் இன்றும் மிகப் பெரும்பான்மை சிமெண்ட்தான்.

இப்போது உம்மாவின் கேள்விக்கு வருவோம். எது நீடித்து நிற்கிறது?

மூட்டு மாற்றுக்கெனத் தேசியப் பதிவேட்டை முதலில் தொடங்கிய நாடு ஸ்வீடன், ஆண்டு 1975. பின்னர் ஃபின்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இங்கிலாந்து எனப் பல நாடுகளும் தொடங்கின. யாருக்கு எந்த மூட்டு என்று பொருத்தப்பட்டது, எத்தனை ஆண்டுகளில் மறு அறுவை தேவைப்பட்டது என்பது அவற்றில் பதிவாகும். இத்தகைய பதிவேடுகளைத் தொகுத்து பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் லான்செட் இதழில் வெளியிட்ட முடிவு, முழு முழங்கால் மூட்டு மாற்றுகளில் சுமார் 82 சதவீதம் 25 ஆண்டுகள் நிற்கின்றன என்பது. இந்த எண்ணைக் கட்டியெழுப்பிய மூட்டுகளில் பெரும்பாலானவை சிமெண்ட் இட்டவை என்பதை மறந்துவிடக் கூடாது. 'சிமெண்ட் என்றால் பத்தாண்டு, சிமெண்ட் இல்லாவிட்டால் ஆயுளுக்கும்' என்று யாரேனும் சொன்னால் அது ஆதாரமற்ற பேச்சு.

இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வுகளில் என் மனத்தைக் கவர்ந்தது தென்கொரியாவின் சியோலில் நடந்த ஒன்று. 55 வயதுக்குக் குறைந்த 80 பேர். எல்லோருக்கும் இரண்டு முழங்கால்களும் கெட்டிருந்தன. ஒவ்வொருவருக்கும் ஒரு காலில் சிமெண்ட் இட்ட மூட்டும் மறுகாலில் சிமெண்ட் இல்லாத மூட்டும் பொருத்தினார்கள். ஒரே உடல், ஒரே எடை, ஒரே நடை. வேறுபட்டது பிடிப்பு மட்டும். இதைவிட நேர்மையான தராசு அமைவது கடினம். சராசரியாக 16 ஆண்டுகளுக்கு மேல் கவனித்த பிறகு, இரு பக்கங்களிலும் 98 சதவீதத்துக்கும் மேற்பட்ட மூட்டுகள் பிடிப்பு தளராமல் நின்றன. வலியிலும் நடையிலும்கூடக் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஒவ்வொருவரும் பதினாறு ஆண்டுகள் இரண்டின் மீதும் நடந்திருக்கிறார்கள். இரண்டும் ஒன்றுபோலவே அவர்களைத் தாங்கியிருக்கின்றன.

எதிர்த்தரப்பிலும் ஒரு சான்று உண்டு. அதையும் சொல்வதே நீதி. எலும்பிலும் மூட்டிலும் மிகச் சிறிய டான்டலம் மணிகளைப் பதித்து, எக்ஸ்ரே மூலம் மில்லிமீட்டரின் பின்னங்களில் நகர்வை அளக்கும் முறை ஒன்று ஸ்வீடனில் உருவானது. அம்முறையில் பார்த்தால், சிமெண்ட் இல்லாத மூட்டு முதல் சில மாதங்களில் சற்றே அதிகமாக நகர்ந்து பின்னர் அசையாமல் நிலைத்துவிடுகிறது. சிமெண்ட் இட்டது தொடக்கத்தில் அசைவதில்லை. ஆனால் சிலருக்கு ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது. இரண்டாம் ஆண்டிலும் நகர்வு தொடரும் மூட்டே பிற்காலத்தில் தளரும் வாய்ப்புள்ளது. இத்தகைய ஐந்து ஆய்வுகளை, மொத்தம் 297 பேரை, ஒன்றுசேர்த்துப் பார்த்த 2012ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு, எதிர்காலத் தளர்வின் ஆபத்து சிமெண்ட் இல்லாததில் ஏறத்தாழப் பாதி என்று கணித்தது. இது நகர்வை வைத்து ஊகித்த ஆபத்து. கண்ணால் கண்ட தளர்வு அன்று. ஆயினும் எலும்பு ஒருமுறை பற்றிக்கொண்டால் அந்தப் பிடிப்பு உயிருள்ள பிடிப்பு, அது தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் என்ற வாதத்துக்கு இது வலு சேர்க்கிறது. இனி முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகள் நடக்க வேண்டிய ஒருவருக்கு இந்த வாதம் பொருளற்றதன்று.

வயதுதான் இங்கே திறவுகோல். 2017இல் லான்செட் இதழில் வந்த ஆங்கிலேய ஆய்வு ஒன்று, எந்த வயதில் மூட்டை மாற்றிக்கொண்டால் வாழ்நாளில் மறு அறுவைக்கு உள்ளாகும் வாய்ப்பு எவ்வளவு என்று கணக்கிட்டது. 70 வயதுக்குப் பின் மாற்றிக்கொண்டவர்களுக்கு ஏறத்தாழ 5 சதவீதம். ஐம்பதுகளின் தொடக்கத்தில் மாற்றிக்கொண்ட ஆண்களுக்கு 35 சதவீதம் வரை. அதே வயதுப் பெண்களுக்கு அதைவிடக் குறைவு. எங்கள் வீட்டுக்கே எழுதிய கணக்கு போல இருந்தது எனக்கு. காக்காவின் வயதில் மூன்றில் ஒருவர் இன்னொரு முறை அறுவை மேசைக்குத் திரும்ப நேரிடலாம். மறு அறுவை என்பது முதலாவதைவிடக் கடினமானது, செலவு மிகுந்தது, பலனும் குறைந்தது. எனவே காக்காவுக்காகச் சிமெண்ட் இல்லாத மூட்டைப் பற்றி மருத்துவர் யோசித்தது சரியே. அவர்களுடைய எலும்பு உறுதியானது. உடல் எடை மிகுந்தவர்களிடம் சிமெண்டின் பிடி காலப்போக்கில் விடுபடுகிறது என்ற கவலையும் துறையில் உண்டு.

உம்மாவின் நிலை நேர்மாறானது. மாதவிடாய் நின்று பல்லாண்டுகளான பெண்ணின் எலும்பு மென்மையானது. அதன் மீது அடித்துப் பொருத்தும் மூட்டு, எலும்பு வளர்ந்து பற்றுவதற்கு முன்னரே அமிழ்ந்துவிடலாம். எலும்பில் கீறல் விழலாம். சிமெண்ட் முதல் நாளிலேயே உறுதியைத் தருகிறது. அதில் ஆண்டிபயாட்டிக் மருந்தையும் கலந்து வைக்க முடிகிறது. அன்று மருத்துவர் எங்களுக்கு விளக்கவில்லை என்ற குறை எனக்கு இன்றும் உண்டு. ஆனால் அவர் பொருத்தியது உம்மாவுக்கு உரியதையே. மட்டமானதை அன்று. இதை உம்மாவிடம் சொன்னபோது, "அதை அப்பவே சொல்லியிருக்கலாமே" என்றார்கள். சொல்லியிருக்கலாம்தான்.

இங்கே இன்னொரு நுட்பம் கவனிக்கத்தக்கது. பதினைந்து, இருபதாண்டு முடிவுகள் என்று நமக்குக் காட்டப்படுபவை பழைய வடிவங்களின் முடிவுகள். முப்பரிமாண அச்சில் உருவான தளங்கள் பரவலானது 2010களின் நடுவில்தான். ஆகவே அவற்றைப் பற்றிய அனுபவம் பத்தாண்டுகளை ஒட்டியதே. இதுவரை நல்ல செய்தியே வந்திருக்கிறது. ஆனால் இருபதாண்டு உத்தரவாதத்தை இன்று எவரும் நேர்மையாகத் தர முடியாது. பதிவேடுகள் 'நிற்கிறது' என்று எண்ணுவதும் மறு அறுவை செய்யப்படாத மூட்டையே. வலியோடு வீட்டில் அமர்ந்திருப்பவரும், 'இனி ஓர் அறுவை வேண்டாம்' என்று முடிவெடுத்தவரும் அந்தக் கணக்கில் வெற்றிதான். முழங்கால் மாற்றிக்கொண்டவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் முழு நிறைவு அடையவில்லை என்று பல ஆய்வுகள் கூறுவதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த ஐவரில் ஒருவரின் குறைக்குச் சிமெண்ட் பெரும்பாலும் காரணமன்று. எதிர்பார்ப்பே காரணம்.

நம் எதிர்பார்ப்பு என்ன? தொழுகை. காக்கா மருத்துவரிடம் கேட்ட முதல் கேள்வியே, "ஸஜ்தா செய்ய முடியுமா டாக்டர்?" என்பதுதான். ஸஜ்தாவில் தரையில் படவேண்டிய ஏழு உறுப்புகளில் இரண்டு முழங்கால்களும் அடங்கும். அத்தஹிய்யாத் இருப்பிலோ முழங்கால் ஏறத்தாழ முற்றிலும் மடங்க வேண்டும். 140 பாகைக்கும் மேல். மாற்றிய மூட்டு பொதுவாக 110 முதல் 125 பாகை வரை மடங்கும். சிமெண்ட் இட்டாலும் இடாவிட்டாலும் இந்த எல்லை ஒன்றே. சிமெண்ட் இல்லாத மூட்டு கூடுதலாக மடங்கும் என்ற நம்பிக்கை நம் மக்களிடையே எப்படியோ பரவியிருக்கிறது. பிடிப்புக்கும் மடக்கத்துக்கும் தொடர்பில்லை. அறுவைக்கு முன் ஒருவருக்கு எவ்வளவு மடங்கியது, பிறகு எவ்வளவு ஒழுங்காகப் பயிற்சி செய்தார் என்பவையே பெரிதும் தீர்மானிக்கின்றன.

அதிகம் மடங்குவதற்கென்றே வடிவமைத்த மூட்டுகளும் சந்தையில் உண்டு. ஆசிய நாட்டவர்க்கும், தரையில் அமர்பவர்க்கும், தொழுகையாளிகளுக்கும் என்றே அவை விளம்பரப்படுத்தப்பட்டன. வழக்கமான மூட்டைவிட அவை தெளிவான மேன்மையைக் காட்டவில்லை. அதைவிடக் கவலைக்குரியது 2007இல் அதே தென்கொரியாவிலிருந்து வந்த அறிக்கை: அத்தகைய ஒரு மூட்டில், குந்தியும் மண்டியிட்டும் சம்மணமிட்டும் அமர்ந்தவர்களிடையே தொடை எலும்புப் பகுதி சில ஆண்டுகளுக்குள்ளேயே தளர்ந்தது. கொரியர்களும் நம்மைப் போலத் தரையில் வாழ்பவர்கள் என்பதால் அவர்களுடைய அனுபவத்துக்கு நாம் செவிசாய்க்க வேண்டும்.

முழங்காலை ஊன்றுவது வேறு செய்தி. காயம் ஆறிய பின் மென்மையான விரிப்பின் மீது முழங்காலை ஊன்றினால் மூட்டு பழுதாகிவிடும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. வெட்டின் வெளிப்புறத் தோல் மரத்துப்போவதாலும், அச்சத்தாலும், 'கூடாது' என்று யாரோ சொன்னதாலுமே பலரும் ஊன்றுவதில்லை. மருத்துவர் இசைந்தால் சிலர் ஸஜ்தாவுக்குத் திரும்புகிறார்கள். அத்தஹிய்யாத் இருப்புக்கு மட்டும் நாற்காலியையோ உயர்ந்த இருக்கையையோ நாடுகிறார்கள். இயலாதவர்களுக்கு மார்க்கம் வாசலை அடைத்து வைக்கவில்லை. மூல நோயால் துன்புற்ற இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நிற்க இயலாவிட்டால் அமர்ந்தும், அதுவும் இயலாவிட்டால் சாய்ந்து படுத்தும் தொழ நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டிய செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. ஸஜ்தா செய்ய இயலாது, ஆனால் நிற்க முடியும் என்ற நிலையில் உள்ளவர் என்ன செய்வது என்பதில் மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் நிற்பதன் கடமை நீங்காது. ஹனஃபி மத்ஹபில் அது நீங்கிவிடும் என்பது அறியப்பட்ட கருத்து. இதை அறுவைக்கு முன்பே தங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவது நல்லது. அறுவைக்குப் பின் வலியோடு படுத்துக்கொண்டு வாட்ஸ்அப்பில் வந்த மூன்று ஃபத்வாக்களை ஒப்பிடுவது நல்லதன்று.

உம்மா தொழுகையை நாற்காலிக்கு மாற்றிய முதல் ஆண்டில் அழுதார்கள். ரமளானில் பெண்கள் கூடும் தராவீஹுக்குப் போவதையே நிறுத்திவிட்டார்கள். ஓரமாக நாற்காலியில் அமர்ந்திருப்பதை யாரோ ஒரு பார்வை பார்த்தார்களாம். என் நெஞ்சில் தைத்தது அந்தப் பார்வைதான். எந்த உலோகமும் எந்தச் சிமெண்டும் அன்று. அறுவை வெற்றி, எக்ஸ்ரே வெற்றி, நடை வெற்றி. ஆனால் அந்த வெற்றிக்குப் பின்னும் ஒரு பெண்மணி ஜமாஅத்தை விட்டு விலகி நின்றார்கள். நம் பள்ளிகளில் ஸஃப்பின் ஓரத்தில் நான்கு உறுதியான நாற்காலிகள் இருப்பதும், ஒளுச் செய்யும் இடத்தில் அமர்ந்து கழுவ உயரமான திண்ணை இருப்பதும், கழிப்பறைகளில் ஒன்றேனும் மேற்கத்திய முறையில் இருப்பதும் பெருஞ்செலவு அல்ல. பல ஊர்களில் ஆண்கள் பகுதியில் இவை வந்துவிட்டன. பெண்கள் பகுதியில் இன்னும் வரவில்லை. முழங்கால் தேய்மானமோ பெண்களிடையேதான் அதிகம். அரிவாள்மனை முன் குந்தியும், தரையில் அமர்ந்து மாவு பிசைந்தும், மாடிப்படி ஏறி இறங்கியும் தேய்ந்த கால்கள் அவை. வலியை வயதின் கணக்கில் எழுதிவிட்டு அவர்கள் பத்தாண்டு தாமதமாக மருத்துவரிடம் போகிறார்கள். அதற்குள் கால் வளைந்து, தசை மெலிந்து, மடக்கமும் போய்விடுகிறது. முன்னரே சொன்னேன்: அறுவைக்கு முன்னிருந்த மடக்கமே பிந்தைய மடக்கத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

முதுமையைத் தவிர எல்லா நோய்க்கும் மருந்து இறக்கப்பட்டிருக்கிறது, ஆகவே சிகிச்சை செய்துகொள்ளுங்கள் என்ற கருத்தில் நபிமொழி இருப்பது தெரிந்ததே. மூட்டுத் தேய்மானத்தை அந்த விதிவிலக்கின் கீழ்ச் சேர்த்துவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது முதுமையோடு வரும் நோயே தவிர முதுமையே அன்று.

செலவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் முழங்கால் மூட்டுகளுக்கு உச்ச விலை விதித்தது. ஒன்றரை லட்சத்தைத் தாண்டி விற்ற கோபால்ட் குரோமியம் மூட்டு 54,720 ரூபாய்க்கும், டைட்டானியம் போன்ற சிறப்பு உலோக மூட்டு 76,600 ரூபாய்க்கும் இறங்கின, வரி தனி. அந்தக் கட்டுப்பாடு பின்னரும் பலமுறை நீட்டிக்கப்பட்டது. ஆகவே 'சிறப்பு மூட்டு' என்று சொல்லி லட்சக்கணக்கில் கூடுதலாகக் கேட்டால், மூட்டுக்கு எவ்வளவு, மருத்துவமனைக் கட்டணம் எவ்வளவு என்று தனித்தனியே எழுதிக் கேளுங்கள். மூட்டின் பெட்டியிலிருக்கும் ஒட்டுச்சீட்டை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். உம்மாவுடையது எங்களிடம் இல்லை. என்ன நிறுவனம், என்ன அளவு என்பது எங்களுக்குத் தெரியாது. என்றேனும் மறு அறுவை தேவைப்பட்டால் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

நம் வீடுகளுக்கே உரிய இன்னொரு கேள்வியும் உண்டு. அறுவைக்குப் பின் இரத்தம் உறையாமலிருக்க வயிற்றில் போடும் ஊசி பெரும்பாலும் ஹெப்பாரின் வகை. அது பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுவது. வேறு வழியில்லாத நிலையில் அதற்கு அனுமதியுண்டு என்று அறிஞர்கள் பலர் கூறியுள்ளனர். ஆயினும் மாற்றுகள் இருக்கின்றன: செயற்கையாகத் தயாரிக்கும் ஃபாண்டாபாரினக்ஸ் ஊசி, ரிவரோக்ஸபான், அபிக்ஸபான் மாத்திரைகள், பலருக்கு ஆஸ்பிரின்கூட. முன்கூட்டியே கேட்டால் மருத்துவர் தம் நோயாளிக்குப் பொருந்துவதைத் தேர்ந்து தருவார். அறுவை நாளின் இரவில், செவிலியர் ஊசியோடு நிற்கும்போது கேட்டால் யாருக்கும் நிம்மதியில்லை.

காக்காவின் விஷயத்தில் என் கருத்தைச் சொல்லிவிட்டேன். அந்த மருத்துவர் சிமெண்ட் இல்லாத முறையில் போதிய அனுபவமுள்ளவர் என்றால், அறுவை மேசையில் எலும்பைக் கண்ட பிறகு அது உறுதியாக இல்லையெனில் சிமெண்டுக்கு மாறத் தயங்காதவர் என்றால், அதையே செய்யட்டும். அதற்காக வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்க வேண்டிய நிலை வந்தால் சிமெண்ட் இட்டதே போதும். சியோலின் 80 பேரும் அதற்குச் சாட்சி. அதற்கு முன் சர்க்கரையைக் கட்டுப்படுத்தி, எடையை இயன்ற அளவு குறைக்கட்டும். நோய்த்தொற்று வந்தால் எந்தப் பிடிப்பும் மூட்டைக் காப்பாற்றாது. இதைச் சொன்ன அன்று இரவே காக்கா ஒரு வலீமாவுக்குப் போய்வந்தார்கள் என்பதையும் எழுதிவைக்கிறேன். அவர்கள் இதைப் படிப்பார்கள்.

அறுவை நோன்புப் பெருநாளுக்குப் பிறகு என்று முடிவாகியிருக்கிறது. உம்மா தம் மருத்துவக் கோப்பை அலமாரியிலிருந்து எடுத்து, கீழே கிடந்த பயிற்சித் தாளைத் துடைத்துக் காக்காவிடம் கொடுத்தார்கள். முதல் ஆறு வாரங்களுக்கான காலசைவுப் படங்கள் அதில் இருக்கின்றன. "நான் ஒரு நாளும் விடலை, நீ விட்டுடாதே" என்றார்கள். சிமெண்டைப் பற்றி மறுபடி கேட்கவில்லை.